நிலத்தடிக்கு நுழைவுச்சீட்டு

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் சௌத் பிரிட்ஜ் மீது நடந்து போகிறவருக்குத் தாம் ஒரு பாலத்தின் மேல் போகிறோம் என்பதே தெரியாது. இருபுறமும் கடைகள், அவற்றின் மேல் மாடி வீடுகள், நடுவில் பேருந்துகள். 19 வளைவுகள் கொண்ட அந்தப் பாலத்தில் இன்று வெளியே தெரிவது ஒன்றே ஒன்று, கௌகேட் என்னும் பள்ளத் தெருவைத் தாண்டும் வளைவு. மற்ற பதினெட்டையும் கட்டடங்கள் மூடிக்கொண்டன.

1785இல் அடிக்கல் நாட்டி 1788இல் பாலத்தைத் திறந்தார்கள். வளைவுகளுக்கு உள்ளே தளம் போட்டு, சுவர் எழுப்பி, ஏறத்தாழ 120 அறைகளாகத் தடுத்தார்கள். மேலே கடை வைத்திருந்தவர்கள் கீழே கிடங்கும் பட்டறையும் வைத்துக்கொண்டார்கள். ஆனால் பாலத்தின் மேற்பரப்பில் தண்ணீர் இறங்காமல் இருக்கச் செய்ய வேண்டிய வேலையைச் சரியாகச் செய்யவில்லை. மழை பெய்தால் அறைக்குள் ஒழுகியது. பத்தாண்டு ஆவதற்குள்ளாகவே வியாபாரிகள் சரக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். காலியான அறைகளுக்கு வந்து சேர்ந்தவர்கள் வேறு போக்கிடம் இல்லாதவர்கள். மலைநாட்டில் நிலத்தை இழந்து வந்தவர்கள், அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். சன்னல் இல்லை, குழாய் இல்லை, கழிப்பிடம் இல்லை. ஒரே அறையில் பல குடும்பங்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்த அறைகளில் கல்லும் மண்ணும் கொட்டி மூடினார்கள். ஊர் அதை மறந்தே போனது.

ஸ்காட்லாந்து அணிக்காக ரக்பி ஆடிய நோரி ரோவன் என்பவர் 1980களில் இதற்குள் போகும் சுரங்கம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1989 டிசம்பரில், ருமேனிய அணியோடு வந்திருந்த கிறிஸ்டியன் ரதுக்கானு தம் நாட்டு உளவுத்துறையின் கண்ணில் படாமல் தப்பிப் புகலிடம் கேட்க இந்தச் சுரங்கவழிதான் உதவியது. சில நாட்களில் ருமேனியாவில் ஆட்சியே கவிழ்ந்தது. அடுத்த பத்தாண்டில் ரோவனும் அவர் மகனும் நூற்றுக்கணக்கான டன் இடிபாடுகளைக் கையால் அள்ளி வெளியேற்றினார்கள். அதற்குள் கிடைத்தவை மருந்துக் குப்பிகள், தட்டுகள், குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்கள், அந்தக் காலத்து ஏழைகள் தின்று போட்ட சிப்பிகளின் ஓடுகள்.

இன்று அந்த அறைகளுக்குப் போக நுழைவுச்சீட்டு உண்டு. பகலில் வரலாற்று நடை, இருட்டிய பின் பேய் நடை. இரண்டாவதற்குத்தான் ஊர் ஊராக விளம்பரம். வழிகாட்டி கூட்டத்தை ஒரு மூலையில் நிறுத்துகிறார். விளக்கை அணைக்கிறார். குரலைத் தாழ்த்தி, இங்கே பலரை யாரோ பின்னாலிருந்து தொட்டிருப்பதாகச் சொல்கிறார். ஒரு பெண் அலறுகிறார், மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அந்த அறையில் பிள்ளை பெற்றவர்கள், இருமியே செத்தவர்கள், விளக்குக்கு எண்ணெய் வாங்கக் காசில்லாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் அந்தச் சிரிப்புக்குள் வருவதில்லை. பழைய நகரங்களின் நிலத்தடியைக் காட்டும் இந்தத் தொழில் உலகமெங்கும் பெருகியிருக்கிறது. அது எதைக் காப்பாற்றுகிறது, எதைக் கெடுக்கிறது, யாருக்குச் சோறு போடுகிறது என்று ஒருமுறை நின்று பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

எடின்பரோவையே இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். 1828இல் பதினாறு பேரைக் கொன்று உடல்களை உடற்கூற்றியல் ஆசிரியர் ராபர்ட் நாக்ஸுக்கு விற்ற பர்க், ஹேர் என்ற இருவரும் இந்தப் பாலத்தடி அறைகளில்தான் ஆள் பிடித்தார்கள் என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது. அவர்கள் வாழ்ந்ததும் கொன்றதும் நகரின் இன்னொரு பக்கத்தில், வெஸ்ட் போர்ட் பகுதியில். ஆனால் ‘கொலைகாரர்கள் நடமாடிய இடம்’ என்ற ஒரு வாக்கியம் சீட்டு விற்கிறது. அதற்காக, அங்கே குடியிருந்தவர்கள் எல்லாரும் குற்றவாளிகளின் பக்கத்தில் நிற்க வைக்கப்படுகிறார்கள். ஏழ்மையைக் குற்றமாகப் பார்த்த அன்றைய கண்ணே இன்றைக்கும் சுற்றுலாவின் கண்ணாக இருப்பது எனக்கு உறுத்துகிறது.

அதே நகரில், நகரமன்றக் கட்டடத்தின் அடியில் இருக்கும் மேரி கிங்ஸ் குளோஸ் என்ற சந்தின் கதையும் இப்படித்தான். 1645இல் பிளேக் வந்தபோது அந்தச் சந்தில் இருந்தவர்களை உள்ளே வைத்துச் சுவர் எழுப்பி உயிரோடு மூடிவிட்டார்கள் என்பது நெடுநாள் கதை. நடந்தது வேறு. நோய் கண்ட வீடுகளைத் தனிமைப்படுத்தினார்கள். நகர நிர்வாகம் உணவு அனுப்பியது. பலரை ஊருக்கு வெளியே குடிசை போட்டு வைத்துப் பார்த்தார்கள். ஜார்ஜ் ரே என்ற மருத்துவர் தலை முதல் கால் வரை மூடிய உடுப்போடு வீடு வீடாகப் போனார். சந்து மண்ணுக்கடியில் போனதற்குக் காரணம் பிளேக்கும் இல்லை, பேயும் இல்லை. 1753இல் வணிக மாளிகை கட்டத் தொடங்கியபோது சந்து வீடுகளின் மேல்மாடிகளை இடித்துவிட்டு, கீழ்மாடிகளை அடித்தளமாக வைத்துக்கொண்டார்கள். மேரி கிங் என்பவர் கணவனை இழந்தபின் துணி வியாபாரம் செய்து, நகர வணிகருக்குரிய உரிமையும் பெற்ற ஒரு பெண். 1630களில் ஒரு சந்துக்குத் தம் பெயர் நிற்கும்படி வாழ்ந்திருக்கிறார். பேய்க் கதையைவிட இது குறைந்த வியப்பா? 2003இல் பார்வையாளர்களுக்குத் திறந்தபின் அந்த இடத்தை நடத்துகிறவர்கள் சுவர் எழுப்பிய கதை பொய் என்று சொல்லவே செய்கிறார்கள், அதைப் பாராட்ட வேண்டும். ஆனாலும் ஆவியுலகத்தோடு பேசுவதாகச் சொன்ன ஒருவர் 1992இல் ஓர் அறையில் சிறுமியின் ஆவியைக் கண்டதாகச் சொல்ல, அன்றிலிருந்து அங்கே பொம்மைகள் குவிகின்றன. அங்கே போடப்படும் பணம் குழந்தைகளுக்கான அறக்கொடைக்குப் போவது மட்டும் ஆறுதல்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பேய்க் கதையே கூடாது என்று முடிவுகட்டினால் அதுவும் பிழை. இத்தாலியின் நேப்பிள்ஸுக்குப் போனால் தெரியும்.

நேப்பிள்ஸ் தன் வயிற்றிலிருந்தே எடுத்துக் கட்டப்பட்ட நகரம். எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மஞ்சள் நிற மென்கல் அங்கே பூமிக்கடியில் பாளம் பாளமாகக் கிடக்கிறது. கிறிஸ்துவுக்கு முன்பே கிரேக்கர்கள் அதை வெட்டி மேலே தூக்கி மதிலும் கோயிலும் கட்டினார்கள். வெட்டிய குழிகளைப் பின்னால் நீர்த்தொட்டிகளாக மாற்றி, ஒன்றோடொன்று வாய்க்கால்களால் இணைத்து, ரோமானியர் பெரிய குடிநீர் வலையாக்கினார்கள். 17ஆம் நூற்றாண்டில் அது மேலும் விரிந்தது. ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் ஒரு கிணறு. எல்லாக் கிணறும் கீழே ஒரே தண்ணீர். மூடிய நிலத்தடி வழிக்கு நம் பழந்தமிழில் சுருங்கை என்று ஒரு சொல் உண்டு. சிலப்பதிகாரத்தில் மதுரைக்குள் போகும் கோவலன் யானைகள் நடக்கும் சுருங்கை வீதியின் பக்கமாகத்தான் போகிறான். அந்தச் சொல்லே கிரேக்க மொழியிலிருந்து வந்தது என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. நேப்பிள்ஸில் கல் வெட்டியவர்களின் மொழியும் நம் சொல்லும் எங்கோ தொட்டுக்கொள்வதை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

இந்தத் தொட்டிகளைப் பராமரிக்கத் தனியே கிணற்றாட்கள் இருந்தார்கள். அங்கே அவர்களுக்குப் பொட்ஸாரி என்று பெயர். உடல் சிறுத்தவர்கள்தான் அந்த வேலைக்கு ஆவார்கள். கிணற்றுச் சுவரில் இருபுறமும் கால் வைக்கக் குழி வெட்டியிருக்கும். முதுகையும் பாதத்தையும் சுவரில் முட்டுக்கொடுத்து ஏறி இறங்குவார்கள். எந்த வீட்டுக் கிணற்றில் இறங்கி எந்த வீட்டு முற்றத்தில் ஏறினாலும் யாருக்கும் தெரியாது. நேப்பிள்ஸ் மக்களிடம் ‘குட்டித் துறவி’ என்று ஒரு வீட்டுப் பேய் உண்டு. முக்காடு போட்ட குள்ள உருவம். பிடித்த வீட்டில் காசு வைத்துவிட்டுப் போகும், பிடிக்காத வீட்டில் சாமானைத் திருடும். கிணற்றிலிருந்து திடீரென்று ஏறி வந்த, மேலங்கி போர்த்திய கிணற்றாளைத்தான் மக்கள் குட்டித் துறவி ஆக்கிவிட்டார்கள் என்பது அங்கே வழிகாட்டிகள் சொல்லும் விளக்கம். சம்பளம் கிடைக்காவிட்டால் வீட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். இந்தப் பேய்க் கதைக்குள் ஒரு தொழிலாளி இருக்கிறான். கதையைக் கேட்டு முடித்ததும் சுவரில் இருக்கும் கால்குழியைக் காட்டினால் போதும், பேய் போய்விட்டு ஆள் நிற்பான். எடின்பரோவின் பேய் குடியிருந்தவரை மறைக்கிறது, நேப்பிள்ஸின் பேய் வேலை செய்தவரைக் காட்டுகிறது. வழிகாட்டிகளைப் பற்றிப் பேச எனக்குக் கிடைத்த சரியான அளவுகோல் இதுதான்.

1884இல் காலரா வந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டபின், மறு ஆண்டு புதிய குடிநீர்க் குழாய் வந்தது. பழைய தொட்டிகள் கைவிடப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியிலேயே மிக அதிகமாகக் குண்டுவீச்சுக்கு ஆளான நகரங்களில் நேப்பிள்ஸ் ஒன்று. சங்கு ஊதியதும் மக்கள் கும்பல் கும்பலாகத் தொட்டிகளுக்குள் இறங்கினார்கள். கட்டில், பொம்மை, சுவரில் கீறிய விமானப் படங்கள், தேதிகள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. வழியின் ஓரிடத்தில் அரை மீட்டர் அகலமே உள்ள வாய்க்காலில் பக்கவாட்டில் திரும்பி நடக்க வேண்டும், கையில் ஒரு சிறு விளக்கு மட்டும். இங்கே இருட்டு ஒரு வித்தையாகக் காட்டப்படுவதில்லை. தோள் சுவரில் உரசும்போது, அந்த வழியில் வாழ்நாள் முழுக்கத் தவழ்ந்தவரின் உடம்பு நம் உடம்புக்குப் புரிகிறது.

அதே நகரின் சனிதா பகுதியில் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், அரண்மனைக்குப் போக நேரான சாலை வேண்டும் என்று அந்தப் பள்ளக் குடியிருப்பின் தலைக்கு மேலே ஒரு பாலம் போட்டார்கள். சாலை மேலே போனது. கீழே இருந்தவர்கள் நகரத்தின் கண்ணிலிருந்து மறைந்தார்கள். வேலையின்மையும் கமோரா என்ற குற்றக் கும்பல்களும் சனிதா என்ற பெயரோடு ஒட்டிக்கொண்டன. அந்தக் குடியிருப்பின் விளிம்பில்தான் சான் ஜென்னாரோ நிலத்தடிக் கல்லறை இருக்கிறது. கிறிஸ்தவத்தின் தொடக்க நூற்றாண்டுகளைச் சேர்ந்த சுவரோவியங்கள் உள்ள இடம். 2006இல், பங்குத்தந்தை அந்தோனியோ லோஃப்ரேதோவின் ஊக்கத்தில், அந்தத் தெருக்களின் இளைஞர்கள் சிலர் லா பரான்சா என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். குப்பை அள்ளினார்கள், விளக்குப் போட்டார்கள், வரலாறு படித்தார்கள், வழிகாட்டிகள் ஆனார்கள். ஆண்டுக்குச் சில ஆயிரம் பேர் வந்துகொண்டிருந்த இடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் வரத் தொடங்கினார்கள். வருகிறவர்கள் மேலே இருக்கும் பெருஞ்சாலையிலேயே வந்து அப்படியே திரும்பிப் போகாமல், கல்லறையைப் பார்த்து முடித்ததும் கீழே குடியிருப்புக்குள் வெளியேறும்படி வழி அமைத்தார்கள். அதனால் ரொட்டிக் கடைக்கும் காப்பிக் கடைக்கும் வியாபாரம் வந்தது. சீட்டு வருமானத்தில் பாதியைக் கேட்டு வத்திக்கானின் தொல்லியல் ஆணையம் நின்றபோது அந்த இளைஞர்களுக்காக நகரமே குரல் கொடுத்தது. நிலத்தடிச் சுற்றுலாவைப் பற்றி யார் என்ன கேட்டாலும் நான் முதலில் காட்டும் உதாரணம் இதுதான். நிலத்தடியில் கிடப்பதைக் காட்டுகிற உரிமை நிலத்தின் மேல் குடியிருப்பவர்களிடம் இருந்தால் கதையும் ஒழுங்காக வரும், காசும் ஒழுங்காகச் சேரும்.

பாரிஸின் கதை வேறு வகை. அங்கே நிலத்தடியை அரசே கட்டி, அரசே காட்டியது. கட்டடங்களுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டி வெட்டி நகரின் தென்பகுதி பொந்தாகிக் கிடந்தது. 1774இல் ஒரு தெரு சரிந்து உள்ளே போனது. 1777இல் சுரங்கங்களைச் சோதிக்கத் தனித் துறை அமைத்து, ஷார்ல் அக்ஸெல் கியோமோ என்ற பொறியாளரைத் தலைவராக்கினார்கள். நகரத்தின் நடுவிலிருந்த இடுகாடு நிறைந்து, 1780இல் பக்கத்து வீட்டு நிலவறைச் சுவர் இடிந்து பிணங்கள் உள்ளே விழுந்தன. இடுகாட்டை மூடி, 1785இலிருந்து எலும்புகளை இரவு நேரங்களில் வண்டியில் ஏற்றிப் பழைய சுரங்கங்களில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். ஏறத்தாழ அறுபது லட்சம் பேரின் எலும்புகள். அவற்றை மண்டையோடும் தொடையெலும்பும் வரிசை வரிசையாக அடுக்கிச் சுவர் போல ஆக்கியது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். 1809இல் பொதுமக்களை விட்டார்கள். இன்று 131 படி இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் நடக்கலாம்.

1861இல் புகைப்படக் கலைஞர் நதார் மின்விளக்கு வைத்துக்கொண்டு இந்த எலும்புச் சுரங்கத்துக்குள் போனார். ஒரு படம் எடுக்கச் சில நேரம் 18 நிமிடம் வரை ஆகும். அவ்வளவு நேரம் ஆள் அசையாமல் நிற்க முடியாது. ஆகவே தொழிலாளியின் உடுப்பு மாட்டிய துணிக்கடை பொம்மைகளை எலும்பு வண்டியின் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார். நிலத்தடியில் வேலை செய்தவர்களைக் காட்டும் முதல் படங்களில் வேலை செய்தவர் இல்லை, அவர் சட்டை மட்டும் இருக்கிறது. நதாரின் மேல் குற்றம் இல்லை, கருவியின் எல்லை அது. ஆனால் அதற்குப் பிறகு வந்த சுற்றுலாக்களில் எத்தனையோ அந்தப் பொம்மையோடு நின்றுவிட்டன.

1867 உலகக் கண்காட்சியின்போது பாரிஸ் தன் புதிய பாதாளச் சாக்கடையையும் விருந்தாளிகளுக்குக் காட்டியது. பெல்கிராண்ட் என்ற பொறியாளர் வடிவமைத்தது. நல்ல உடை உடுத்திய சீமாட்டிகள் வண்டியிலும் படகிலும் ஏறிக்கொள்ள, சாக்கடைத் தொழிலாளர்கள் அவற்றைத் தள்ளிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் போனார்கள். இன்று அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. தொழிலாளர்களின் கருவிகளும் வாழ்க்கையும் அதில் இடம்பெற்றிருக்கின்றன. அந்த வேலைக்கு ஆளை இறக்குவதைத் தடை செய்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர் விஷவாயு தாக்கி இறந்தார் என்ற செய்தியை நாளிதழில் படிக்கும் நாடு நம்முடையது. அந்த அருங்காட்சியகத்தை வேடிக்கையாகப் பார்த்துவிட்டு வர நம்மால் முடியக் கூடாது.

மற்ற நகரங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் சியாட்டில் 1889இல் எரிந்து போனது. மீண்டும் கட்டும்போது தெருக்களை உயர்த்தினார்கள். கடைகளும் நடைபாதைகளும் கொஞ்ச காலம் பள்ளத்திலேயே இருந்தன. தெருவிலிருந்து கடைக்குப் போக ஏணியில் இறங்க வேண்டியிருந்தது. பிறகு நடைபாதைக்கும் மூடி போட்டு, பழைய தரைத்தளத்தை நிலவறை ஆக்கினார்கள். 1965இல் பில் ஸ்பைடல் என்பவர் அங்கே மக்களை அழைத்துப் போகத் தொடங்கினார். இடித்து வாகன நிறுத்தம் கட்ட நினைத்த பகுதிக்கு 1970இல் பாதுகாப்புக் கிடைத்ததில் அந்த நடைகளுக்கும் பங்கு உண்டு. இஸ்தான்புல்லில் பேரரசர் ஜஸ்டினியன் 6ஆம் நூற்றாண்டில் கட்டிய நீர்த்தேக்கம் 336 தூண்களோடு நிற்கிறது. 16ஆம் நூற்றாண்டில் கில்லியஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் போனபோது, மக்கள் வீட்டுத் தரையிலிருந்த துளை வழியாக வாளி விட்டுத் தண்ணீர் மொண்டதையும் மீன் பிடித்ததையும் கண்டு அதைத் தேடிப் பிடித்தார். அறிஞருக்குத்தான் அது கண்டுபிடிப்பு, வாளி விட்டவர்களுக்கு அது வீட்டுக் கிணறு.

பெர்லினில் 1997இல் தொடங்கிய ஒரு சங்கம் போர்க்காலப் பதுங்கறைகளையும், பெர்லின் சுவருக்கு அடியில் தப்பிச் செல்லத் தோண்டிய சுரங்கங்களையும் காட்டுகிறது. உள்ளே படம் எடுக்கக் கூடாது. ஹிட்லர் கடைசியாக இருந்த பதுங்கறையை மட்டும் யாருக்கும் திறக்கவில்லை. வாகனங்கள் நிற்கும் ஒரு வெற்றிடத்தில் 2006இல் தகவல் பலகை ஒன்று வைத்தார்கள், அவ்வளவே. காட்டாமல் இருப்பதும் ஒரு தீர்ப்பு. எருசலேமில் நிலைமை நேர்மாறு. மேற்குச் சுவரை ஒட்டிய சுரங்கத்துக்கு 1996இல் புதிய வாசல் திறந்ததும் கலவரம் மூண்டு பல நாள் நீடித்தது, பலர் உயிரிழந்தனர். யாருடைய வீட்டுக்கு அடியில் யாருடைய வரலாற்றைத் தோண்டுவது என்ற கேள்வி அங்கே இன்னும் ஆறாத புண்.

இந்தச் சுற்றுலாவால் இடத்துக்கு வரும் கேடும் சின்னதில்லை. ஆயிரக்கணக்கானோரின் மூச்சு ஈரத்தை ஏற்றுகிறது. விளக்கு வெளிச்சம் படும் சுவரில் பச்சைப் பாசி பிடிக்கிறது. பாரிஸ் எலும்புச் சுரங்கத்தில் ஒரே நேரத்தில் இருநூறு பேருக்கு மேல் விடாததும், வெளியே வரும்போது எலும்பை யாராவது எடுத்து வருகிறார்களா என்று பையைத் திறந்து பார்ப்பதும் சும்மா இல்லை.

எடின்பரோ போகும் வாசகர்கள் பலர் இருப்பீர்கள். பிள்ளைகள் படிக்கிறார்கள், உறவினர் இருக்கிறார்கள். போனால் பகல் நேர வரலாற்று நடைக்கே சீட்டு எடுங்கள். அறைக்குள் நுழைந்ததும், இங்கே எத்தனை பேர் படுத்தார்கள், தண்ணீரை எங்கிருந்து தூக்கி வந்தார்கள், எதைத் தின்றார்கள், வாடகை யாருக்குக் கொடுத்தார்கள் என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். கேட்கிறவர்கள் கூடினால் பதிலைத் தேடிப் படிக்கும் வழிகாட்டிகளும் கூடுவார்கள்.